வலப்பக்கத்து மூடி

அத்தியாயம் 11

ஒன்பது நாட்களாக அந்தப் புல்வெளியில் வண்டி ஓடவில்லை. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்து, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

தேன்மொழியை முதல் வாரத்திலிருந்து அறிந்தவர்களுக்கு இந்தப் புல்வெளியும் பழக்கம்தான். இன்றைக்குத்தான் அவளைச் சந்திக்கிறவர்களுக்காகச் சில வரிகள். மலை மேலே, சோளக்காடு, குண்டூர் நாடு என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே போகிற ரோட்டில் ஒரு ரிசார்ட். அங்கே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை ஓட்டுபவள் தேன்மொழி. அவள் கணவன் முரளி அதே இடத்தில் பம்பு, ஜெனரேட்டர், வயரிங் எல்லாம் பார்க்கிற மெக்கானிக். ஒரு பெண்ணிடம் வண்டியைக் கொடுக்க மேனேஜர் தயங்கியபோது, "ஒரு வாரம் ஓட்ட உட்டுப் பாருங்க சார்" என்று அவளுக்காகப் பேசியவன் அவன்தான். முரளியின் தங்கை ஜெயசுதா வாரத்தில் மூன்று நாள் அங்கே களை எடுக்க வருவாள். மற்ற நாட்களில் சோளக்காட்டில் மிளகு வியாபாரம்.

ஒன்பது நாளைக்கு முன்பு, தேன்மொழி ஓட்டிய வண்டியிலிருந்து தெறித்த கல் ஒன்று ஜெயசுதாவின் வலது கண்ணில் பட்டது.

இதுவரைக்கும் ஊருக்கே தெரியும். மூடியைப் பற்றி இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

வண்டியின் வலப்பக்கத்தில், பிளேடு சுழலும் தட்டை ஒட்டி, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி சரிவாகத் தொங்கும். சைடு கவர் என்பார்கள். வெட்டுப்பட்ட புல் அந்த வழியாகத்தான் வெளியே வரும். புல்லோடு கல்லோ குச்சியோ வந்தால், மூடி அதைத் தரையில் அடித்துவிடும். மேலே எழும்ப விடாது. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, சில்வர் ஓக் மரத்தடியில் வண்டியைத் திருப்பும்போது தேன்மொழி வேரில் உரசிவிட்டாள். கீலோடு சேர்ந்து மூடி பிளந்தது. முரளியிடம் சொன்னாள். அவன் கட்டுக்கம்பியை எடுத்து வந்து மூடியை மேலே தூக்கிக் கட்டினான்.

"கீழ தொங்குனா பிளேடுல மாட்டிக்கும். இப்படியே ஓட்டு. மேனேஜர்கிட்டச் சொன்னா, பொம்பளைகிட்டக் குடுத்தா இப்படித்தான்னு உன்னெ வண்டியிலிருந்து எறக்கி உட்டுருவாரு."

நான்கு நாள் அப்படியே ஓட்டினாள். ஐந்தாம் நாள் கல் பறந்தது.

அன்று எல்லாரும் ஜெயசுதாவைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடியபோது முரளி மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினான். கம்பியை அவிழ்த்து, மூடியைக் கீழே இறக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினான். மேனேஜர் வந்து பார்த்தபோது மூடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"வண்டி ஓடற பக்கமா ஜெயாவே குறுக்க வந்துட்டா சார்" என்றான் முரளி.

தேன்மொழி பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேனேஜர் ரமேஷ்குமார் ஷெட்டுக்கு வந்தார். நாமக்கல்காரர். சத்தமாகப் பேசுவார், ஆனால் கெட்ட மனுஷர் இல்லை.

"நாளைக்கு ஒரு கம்பெனியிலிருந்து நாப்பது குடும்பம் வருது. சாப்பாடு, பிள்ளைங்க விளையாட்டு எல்லாமே லான்லதான். சாயங்காலத்துக்குள்ள புல்லு வெட்டி முடிச்சிரணும்." கொஞ்சம் நின்று, குரலைத் தணித்தார். "பயந்துட்டே இருந்தா ஆகாது, தேன்மொழி. நடந்தது ஆக்சிடென்ட். உன் மேல ஒரு குத்தமும் இல்லே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் அவள் வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் போனதும் முரளி வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டேப்பை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"தாங்கும். மெதுவா ஓட்டு."

"தாங்காதுங்க. புல்லு ஈரமா நீளமா கெடக்குது. அடைச்சுட்டுத் தள்ளுனா பிச்சுட்டுப் போயிரும்."

"அப்ப மேல தூக்கிக் கட்டி..." என்று ஆரம்பித்தவன் தானே நிறுத்திக்கொண்டான். எழுந்து மூலையைப் பார்த்தான். "பழைய ஆயில் டின்னு கெடக்குது. தகரத்தை வெட்டி போல்ட் போட்டுத் தந்துடறேன்."

"தகரம் பிளேடுல பட்டா அதுவே கத்தியாட்டம் பறக்கும். கல்லு பறந்தது பத்தாதுங்களா?"

முரளி மூலையிலிருந்து பார்வையை எடுத்தான்.

"புதுக் கவரு இன்னைக்கு வருதுங்க" என்றாள் தேன்மொழி.

"எங்கிருந்து?"

"சேலத்துல ஒரு கடைக்குப் போன் பண்ணுனேன். சீட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற நம்பரைப் படம் புடிச்சு அனுப்பிச்சேன். மூடி, கீல் கம்பி, ஸ்பிரிங்கு எல்லாம் நாமக்கல் வந்து, பத்தரை மணி பஸ்ல மேல வருது."

"மேனேஜருக்குத் தெரியாம நீயாவா?"

"உங்களுக்கும் தெரியாமத்தானுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். திருமணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனிடம் சொல்லாமல் செய்த முதல் காரியம் இதுவாக இருக்கலாம்.

"அந்தப் பஸ்லதான் ஜெயாவும் வாரா" என்றான் மெதுவாக.

"தெரியுங்க."

"அவகிட்ட எதும் சொல்லிராதே, தேனு. கண்ணு சரியாகட்டும். நானே பக்குவமாச் சொல்றேன்."

"ஒம்பது நாளா இதையேதான் சொல்றீங்க."

"போன வருசம் மோட்டார் எரிஞ்சப்பவே, இன்னொரு தப்பு நடந்தா வேலை இல்லேன்னு சொல்லிட்டாரு. நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஒரு எடந்தான் இருக்குது. அதை நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்க்காமலா? அவன் தனக்காக மட்டும் பயந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். ஒன்பது நாளைக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவள் உட்காரும் அந்த இருக்கை பறிபோகக் கூடாது என்றும்தான் அவன் பயந்தான். அதனால்தான் அவள் வாய் கட்டுப்பட்டுக் கிடந்தது.

சாவியை வண்டியிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, சோளக்காட்டுக்குக் கிளம்பினாள்.

*

மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் ஏறி வந்த பஸ் சோளக்காட்டில் மூச்சு வாங்கியபடி நின்றது. வெளியூர்க்காரர்கள் முகம் வெளுத்து இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர்கள் இரண்டு பேர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஜெயசுதா. அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு மாமியார் இருசாயி. இத்தனை நாளும் நாமக்கல் ஆஸ்பத்திரியில் மருமகளோடு இருந்தவள் இருசாயிதான். மகன் காளியண்ணன் போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்தான்.

கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துத் தேன்மொழியிடம் கொடுத்தார்.

"இதானுங்க உங்க பார்சல். அந்தக் கண்ணாடி போட்டிருக்கற அம்மா இது உருளாம இத்தனை நேரம் கால் குடுத்துப் புடிச்சுட்டு வந்தாங்க. ஒண்ணும் ஒடஞ்சிருக்காது."

தேன்மொழி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"கண்ணு எப்படி இருக்குது, ஜெயா?"

"வெளிச்சம் தெரியுது, அண்ணி. ஆளு நிக்கறது தெரியுது. மூஞ்சி தெரியலே." ஜெயசுதா சாதாரணமாகத்தான் சொன்னாள். "மூணு மாசம் மருந்து ஊத்தோணுமாம். எவ்வளவு பார்வை வரும்னு அப்பறந்தான் சொல்ல முடியுமாம்."

பஸ் நிற்கும் இடத்தை ஒட்டியே அவள் வழக்கமாகக் கடை போடும் இடம். இப்போது பக்கத்துக் கடைக்காரி அத்தாயி அங்கேயும் சாக்கை விரித்து மிளகு கொட்டியிருந்தாள். ஜெயசுதா குனிந்து ஒரு கை மிளகை அள்ளினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, நல்ல மிளகையும் சொத்தையையும் பிரிக்கப் பார்த்தாள். உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். தள்ளிப் பிடித்தாள். பிறகு எல்லாவற்றையும் சாக்கிலேயே போட்டுவிட்டாள்.

இருசாயிக்குப் பொறுக்கவில்லை.

"மிசினு ஓடற எடத்துல இவளுக்கு என்ன வேலைங்கறேன்? கண்ணை எங்கியோ வெச்சுட்டுக் குறுக்க போயி நின்னிருக்கா. எம் மவன் போன்ல கத்தறான், இப்படிக் கவனமில்லாதவளக் கட்டி வெச்சிட்டியே அம்மான்னு. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

"ஆமாங்க அத்தை. என் தப்புதான்" என்றாள் ஜெயசுதா, தலையைக் குனிந்துகொண்டு. பல முறை சொல்லிப் பழகிய குரல் அது.

அந்தக் குரலைத்தான் தேன்மொழியால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெயா மேல ஒரு தப்பும் இல்லீங்க. வண்டியில மூடி ஒடஞ்சு கெடந்துச்சு. ஒடச்சது நானு. இவ அண்ணன் கம்பியில மேல தூக்கிக் கட்டுனாரு. மூடி இல்லாம ஓட்டுனா கல்லு தெறிக்கும்னு எனக்குத் தெரியும், ஜெயா. தெரிஞ்சேதான் நாலு நாளும் ஓட்டுனேன்."

அத்தாயி தராசைக் கீழே வைத்தாள். இருசாயியின் வாய் திறந்தபடியே நின்றது.

ஜெயசுதா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். தேன்மொழி எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"கல்லு வந்தப்ப நான் எங்க நின்னேன், அண்ணி?"

"செம்பருத்தி வரிசைக்கு அந்தாண்ட. முப்பது அடி இருக்கும்."

"குறுக்க வரலியா?"

"வரலே."

"நெசமா வரலியா?"

"நீ நின்ன எடத்தை உட்டு நகரவே இல்லே, கண்ணு."

ஜெயசுதா பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"குறுக்க வந்தேன் குறுக்க வந்தேன்னு எல்லாரும் சொன்னீங்க. எப்படி வந்தேன்னு படுத்துட்டே நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஞாபகமே வரலே. கல்லு பட்டதுல புத்தியும் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு பயந்துட்டுக் கெடந்தேன். டாக்டர்கிட்டக் கூடக் கேட்டேன், தலையைப் படம் எடுத்துப் பாக்கறீங்களான்னு." கண்ணாடிக்குக் கீழே நீர் இறங்கியது. இடது கண்ணிலிருந்தா வலது கண்ணிலிருந்தா என்று தெரியவில்லை. "கல்லு பட்டதுக்கு நான் ஒண்ணும் கேக்கலே, அண்ணி. உங்களுக்கும்தான் நடந்திருக்கலாம். அந்த ஒம்பது நாளுக்கு என்ன சொல்றீங்க?"

பெட்டியைப் பிடித்திருந்த கைகளை என்ன செய்வதென்று தேன்மொழிக்குத் தெரியவில்லை.

இருசாயி முந்தானையை எடுத்து மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள். இத்தனை நேரம் அவளைத் திட்டிய நாக்கு இப்போது யாரைத் திட்டுவதென்று தெரியாமல் உள்ளேயே கிடந்தது.

"ஊட்டுக்குப் போலாம், சாமி" என்றாள் கடைசியில்.

"நீங்க போங்க அத்தை. நான் ரிசார்ட்டுக்குப் போயிட்டு வாரேன்." ஜெயசுதா எழுந்தாள். "அண்ணனைப் பாக்கோணும்."

*

ஷெட்டின் வாசலில் தங்கையைப் பார்த்ததும் முரளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"ஜெயா..."

"பேசாதே, அண்ணா. அதைப் போடு. எப்படி இருந்திருக்கோணும்னு நான் பாக்கோணும்."

ஜெயசுதா ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள். முரளி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பெட்டியைப் பிரித்தான்.

சாவி தேன்மொழியின் இடுப்பில் இருந்தது. இருந்தாலும் அவன் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தான். வண்டி எந்தக் காரணத்தாலும் உயிர் பெற்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. வேலை தெரிந்தவன்தான். எந்த வேலையையும் முறையாகச் செய்யத் தெரிந்தவன்தான். டேப்பைக் கிழித்தான். பிளந்த மூடியைக் கையால் இழுத்ததுமே அது இரண்டாகப் பிரிந்து வந்தது. வளைந்து போயிருந்த கீல் கம்பியைத் தட்டி உருவினான். புதுக் கம்பியில் மூடியைக் கோத்து, ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தட்டிலும் மறு முனையை மூடியிலும் மாட்ட வேண்டும். இரண்டு முறை ஸ்பிரிங் நழுவித் தெறித்தது. மூன்றாம் முறை தேன்மொழி குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருவரின் விரல்களும் உரசிக்கொண்டன.

மாட்டியதும் மூடி 'டப்'பென்று கீழே இறங்கி உட்கார்ந்தது.

ஜெயசுதா எழுந்து வந்தாள். மூடியைக் கையால் தூக்கிவிட்டாள். தானாகவே இறங்கியது. மறுபடி தூக்கினாள். மறுபடி இறங்கியது.

"எவ்வளவு நேரம் ஆச்சு இதை மாட்ட?"

முரளி உடைந்த மூடியை ஓரமாகத் தள்ளினான்.

"கால் மணி நேரம்" என்றாள் தேன்மொழி.

"இவ்ளோதானா அண்ணா?"

முரளி கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "உன் அண்ணி வேலை போயிருமேன்னு பயந்துட்டேன், சாமி. என் வேலையும்தான். உனக்கு இப்படி ஆகும்னு நான்..."

"பட்டதுக்கு அப்பறம் கூட வந்து சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாட்டி வந்தியே? ஆப்பிள் வாங்கிட்டு வந்தியே? என் பக்கத்துல உக்காந்து, இனிமேலாவது பாத்து நடந்துக்கன்னு புத்தி சொன்னியே?"

அதைத் தேன்மொழி அறிந்திருக்கவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்க ஜெயா."

"மேனேஜர்கிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லு. எங்க ஊட்டுக்காரருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. அதுக்கு அப்பறம் மத்ததைப் பேசலாம்."

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன். நாளைக்கு இந்த பங்சன் மட்டும் முடியட்டும்..."

வெளியே புல்வெளியில், நாளைய பந்தலுக்கு மூங்கில் நடுகிறவர்களின் பேச்சு கேட்டது. அங்கே பத்துப் பேராவது நிற்பார்கள் என்று தேன்மொழி கணக்கிட்டாள். நாளைக்கு அதே புல்லில் குழந்தைகள் ஓடும்.

மூடி சரியாகிவிட்டது. இனி வண்டியை ஓட்டலாம். சாயங்காலத்துக்குள் புல் வெட்டி முடித்துவிடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. 'பங்சன் முடியட்டும்' என்பது அப்புறம் 'மாசம் முடியட்டும்' என்று ஆகும். தானும் அதற்குத் தலையாட்டிவிடுவோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒன்பது நாள் தலையாட்டியவள்தானே?

பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டறவ நானு. என் பங்கை நான் சொல்லிட்டு வாரேனுங்க" என்று முரளியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவன் தடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

*

ரமேஷ்குமார் போனில் யாரோடோ சாப்பாட்டு எண்ணிக்கை பேசிக்கொண்டிருந்தார். தேன்மொழியைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே இருந்தாள். போனை வைத்ததும், வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு நேராகவே சொன்னாள்.

"சார், அந்தக் கல்லு தெறிச்ச அன்னைக்கு சைடு கவரு ஒடஞ்சிருந்துச்சுங்க. அஞ்சு நாள் முன்னாடியே மரத்து வேர்ல மோதி நான் ஒடச்சுட்டேன். உங்ககிட்டச் சொல்லலே. மூடி இல்லாம ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் ஓட்டுனேன். ஜெயசுதா குறுக்க வரலீங்க."

முரளியின் பெயரை அவள் எடுக்கவில்லை. அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

ரமேஷ்குமார் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. பீரோவைத் திறந்து ஒரு பைலை எடுத்தார். புரட்டி, ஒரு தாளை மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அப்ப இது என்ன?"

விபத்து நடந்த தேதி. 'இன்று காலை வண்டியை எடுக்கும் முன் நானே சோதித்துப் பார்த்தேன். சைடு கவர் உட்பட அனைத்தும் நல்ல நிலையில் இருந்தன.' கீழே நீல மையில் ஒரு கையெழுத்து: தேன்மொழி.

"இதை நம்பித்தான் ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். ஜெயசுதா கவனக் குறைவுன்னு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்." அவர் குரல் இறுகியது. "அன்னைக்கு நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுக்கறே. இன்னைக்கு ஒடஞ்சிருந்துச்சுங்கறே. எது நெசம்?"

தேன்மொழி அந்தத் தாளை இதற்கு முன் பார்த்ததே இல்லை. தன் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தாள். 'ழி'யின் சுழியை அப்படி நீட்டி இழுத்து எழுதுகிறவர் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். வீட்டில் கேஸ் புத்தகத்திலும், அரிசி டப்பாவின் மேலும் அந்த 'ழி' இருக்கிறது.

கையெழுத்து தன்னுடையதுதான் என்றால் பழி முழுதும் அவளோடு முடிந்துவிடும். முரளியின் வேலை பிழைக்கும். ஆனால் பொய் இன்னொரு தாளில் ஏறி உட்காரும்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது உன் கையெழுத்துதானே?"

"இல்லீங்க சார்."

"பின்னே யாருது?"

வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது. அவசரமாக வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் சட்டென்று நின்றுவிட்டது. கிரீஸ் வாடை உள்ளே வந்தது. ரமேஷ்குமார் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

தேன்மொழி திரும்பவில்லை. மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவன் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.